ஏழே முக்கால் வண்டிக்கு ஒரு தூக்குவாளி

அக்டோபர் 9, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு தலைப்பு எழுதித் தரச் சொன்னார் ரெஜினா டீச்சர். எல்லாரும் எரிமலை, காற்றாலை, சொட்டுநீர் என்று எழுதினார்கள். நான் 'பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களும் தாவர உணவும்' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது.

"ஏ முல்லை, ஒன்னோட மாடல எதுல வச்சுக் கொண்டாருவ?" என்று பின்பெஞ்சிலிருந்து மஞ்சரி கேட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. படித்துப் பார் என்று சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் அந்த பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடாம். அதைத் தின்றுவிட்டு பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்கள் அதைத்தான் தின்று பிழைக்கின்றன. நார் கிடைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் பசியில் சுவரின் மேல் பூசியிருக்கும் கோழைப் படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. வண்டி கிளம்பவில்லையே என்ற எரிச்சலில் சீட்டு ரெக்சினைக் கிழிக்கும் பயணிகள் போல. கறுப்புத் திராட்சையின் தோல், நெல்லிக்காயின் துவர்ப்பு, கீரை இவற்றில் இருக்கும் பொருள்களையும் அவை உடைத்து மாற்றுகின்றன. அப்படி மாறிய சில பொருள்கள் குடலில் புற்றுநோய் வராமல் தடுக்கக்கூடும் என்று போட்டிருக்கிறது. 'கூடும்' என்ற இடத்தில் டீச்சர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். ஏனென்று தெரியவில்லை.

படித்து முடித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. கம்பத்திலிருந்து மதுரைக்கு அரசுப் பேருந்து ஓட்டுகிறார். உசிலம்பட்டி தாண்டி ரோட்டோர ஓட்டலில் வண்டியை நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். பரோட்டா, சால்னா, பொரித்த கோழி. போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். அவருடைய பாக்டீரியாக்கள் மூன்று வருடமாகப் பட்டினி கிடக்கின்றன.

எனக்கு இருப்பது ஓர் அப்பாதான். அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 11, புதன்

அம்மா இருந்தவரை அப்பா ஓட்டலில் சாப்பிட்டதே இல்லை. விடியுமுன்பே டெப்போவுக்குப் போய்விடுவார். கம்பத்தில் கிளம்பும் வண்டி ஏழே முக்காலுக்கு எங்கள் ஊர் சின்னமனூருக்கு வரும். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பாள். கையில் தூக்குவாளி இருக்கும். வாய்க்கால் பாலத்தில் வரும்போதே அப்பா ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். "ஒன் வீட்டுக்காரரு கூப்புடுறாரு" என்று பூக்காரம்மா அம்மாவைக் கிண்டல் செய்வார். ஜன்னல் வழியாக வாளி உள்ளே போகும், முந்தின நாள் வாளி வெளியே வரும். கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. கவனித்திருக்கலாம்.

லீவு நாளில் என்னையும் ஏற்றிவிடுவாள். டிரைவர் பக்கத்தில் இருக்கும் என்ஜின் பெட்டியின் மேல் துண்டு விரித்து உட்காருவேன். உட்கார்ந்த இடம் சுடும். ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பெட்டி என் கீழே பூனை மாதிரி உறுமும்.

அம்மா காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதபின், அப்பா நம் ஸ்டாப்பில் ஹாரன் அடிப்பதில்லை.

பரணில் இருந்து தூக்குவாளியை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

கம்பு சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், பீட்ரூட் கூட்டு, மோர், ஒரு கொத்து பன்னீர் திராட்சை. நான்கு மணிக்கே எழுந்தேன். கூட்டில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

வண்டி நின்றது. ஜன்னலில் வாளியை நீட்டினேன். அப்பா வாளியையே பார்த்தார்.

"என்னத்தா இது?"

"சோறு."

"யாருக்கு?"

"டிரைவருக்கு."

முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டையா சிரித்தார். அப்பா வாங்கி, அம்மாவின் காலத்தில் வைத்த அதே இடத்தில், ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம் வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வீரணன் மாமா பின்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன்த்தா, டிரைவருக்கு மட்டுந்தான் கொடலு இருக்கா? கண்டக்டருக்கெல்லாம் ஆண்டவன் வைக்கலையா?"

நாளை முதல் இரண்டு பேருக்கும்.

அக்டோபர் 17, செவ்வாய்

பொன்னுத்தாய் அத்தை பக்கத்து வீடு. அப்பாவின் அக்கா. என் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு, "கொடல்ல பூச்சியாடி? வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடு, செத்துப் போகும்" என்றார். இவை சாகக்கூடாத பூச்சிகள் என்று அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில், "அப்ப ஒங்கப்பன் ரோட்டுல வண்டி ஓட்டுறான், நீ அவன் வயித்துக்குள்ள ஓட்டுற" என்றார். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருக்கிறது. சார்ட்டில் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 20, வெள்ளி

வெற்றி. காலையில் கழிவறையில் தண்ணீர் ஊற்றப் போனபோது லேசான சிவப்பு. முதலில் பயந்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். பீட்ரூட்டின் சிவப்புச் சாயம் சிலருக்குச் செரிக்காமல் அப்படியே வெளியே வருமாம். அதனால் ஒரு கெடுதியும் இல்லையாம். அப்பாவுக்கு மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக வேலை நடக்கிறது என்பதற்கு இதுதான் சாட்சி.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பதினாறு வயதுப் பெண் அப்பாவிடம் பேசும் விஷயமா இது? சாப்பிடும்போது, பொதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பீட்ரூட் சாப்பிட்டா சில பேருக்குச் செவப்பாப் போகுமாம்ப்பா. பயப்பட வேணாம்னு போட்டிருக்கு."

அப்பா வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டில் இறக்கினார். "அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கும் பீட்ரூட்டே வையித்தா. நல்லாருக்கு" என்றார்.

காய் என்றாலே முகம் சுளிக்கிறவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அம்மாவால்கூட இது முடிந்ததில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. டெப்போவுக்குப் போனோம். வண்டிகளுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை, சந்தனம். சின்ன வயதில் அப்பா வண்டிக்குப் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார். முன்கண்ணாடிக்குக் கீழே, நம்பர் பலகைக்கு மேலே. இன்று தூக்க வேண்டிய உயரத்தில் நான் இல்லை. நானே வைத்தேன். அப்பா பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கியவர், தூக்கியபடியே நின்றுவிட்டார். வீரணன் மாமா வாங்கி உடைத்தார்.

"நம்ம முல்லைக்கொடி குடுக்குற கீரையத் தின்னுதின்னு ஒங்கப்பன் இளைச்சுப் போனாருத்தா. பெல்ட்டுக்குப் புதுசா ஓட்ட போட்டிருக்காரு" என்றார் மாமா.

அது உண்மைதான். தொப்பை போய்விட்டது. நார்ச்சத்தின் பலன் என்று குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

அப்பாவுக்கு ஓய்வு நாள். பகலெல்லாம் தூங்கினார். அவருடைய காக்கிச் சட்டை, பேன்ட்டை இப்போதெல்லாம் அவரே துவைத்துக்கொள்கிறார். எனக்கு வேலை மிச்சம். டிரைவர் சீட்டில் விரிக்க ஒரு கருஞ்சிவப்புத் துண்டு வாங்கியிருக்கிறார். வெள்ளைத் துண்டு அழுக்காகிறதாம்.

அத்தை வந்து பார்த்துவிட்டு, "வெளுத்துப் போயிட்டான். என்ஜின் சூடு மூலத்துல எறங்கிருச்சு. வெந்தயம் ஊறவச்சுக் குடு, எண்ணெ தேச்சு முழுகச் சொல்லு" என்றார். அப்பா, "ஆமாக்கா, சூடுதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். அத்தை சொல்வதை அப்பா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் 3, வெள்ளி

கண்காட்சி. பெருங்குடலைப் பேருந்தாகச் செய்திருந்தேன். பாக்டீரியாக்கள் பயணிகள். கீரைக்கட்டு கொடுத்தால் உள்ளே பச்சை விளக்கு எரியும், பரோட்டா கொடுத்தால் சீட்டு கிழியும். மஞ்சரி மூன்று தடவை பரோட்டா கொடுத்துப் பார்த்தாள். இரண்டாம் பரிசு.

ரெஜினா டீச்சர் என் கடைசி சார்ட்டின் முன்னால் நெடுநேரம் நின்றார். 'காயும் கீரையும் தின்போர்க்குக் குடல் புற்றுநோய் வராது' என்று எழுதியிருந்தேன்.

"'வராது'ன்னு யாரு சொன்னா?"

"நீங்க குடுத்த கட்டுரைலதான் டீச்சர்."

"அதுல அப்படி இல்ல முல்லை. வாய்ப்பு குறையலாம்னுதான் இருக்கு. நாப்பத்தஞ்சு, அம்பது தாண்டினவங்க சோதிச்சுப் பாக்கணும்னும் இருக்கு. கடைசிப் பக்கம். படிக்கலையா?"

படித்தேன். அது வயதானவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கு ஐம்பத்தொன்று.

நவம்பர் 10, வெள்ளி

நல்ல மழை. பக்கத்துத் தோட்டங்களில் பீட்ரூட் அறுவடை முடிந்துவிட்டது. இருந்த கடைசி இரண்டையும் இன்று கூட்டு வைத்தேன். இனி பூசணி, அவரை, வாழைத்தண்டு.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அம்மா இருந்தால் அதிரசம் சுடுவாள், முதல் அதிரசம் எப்போதும் உடையும், அது எனக்கு. நானே சுட்டேன். எல்லாமே உடைந்தது. அப்பா உடைந்ததாகப் பார்த்து எடுத்து, "ஒங்காத்தா சுட்ட மாதிரியே இருக்கு" என்று பொய் சொன்னார். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நவம்பர் 14, செவ்வாய்

பீட்ரூட்டை நிறுத்திய பிறகும் இரண்டு நாள் வரை சாயம் தங்கலாமாம். சிலருக்கு இன்னும் ஒருநாள் கூட ஆகலாம்.

நவம்பர் 16, வியாழன்

இன்றும் சிவப்பு.

நவம்பர் 17, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. ராத்திரி அப்பாவிடம் பேசலாமென்று மூன்று தடவை அவர் கட்டில் வரை போய், சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அம்மா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டிருப்பாள்.

காலையில் வாளியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்படிக்கு ஓடினேன். வீரணன் மாமாவிடம்தான் கேட்க முடிந்தது.

"மாமா, அப்பா வண்டிய நிறுத்திட்டு அடிக்கடி எறங்குறாரா?"

மாமா டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "ஒனக்கும் தெரிஞ்சிருச்சா?"

"ரத்தம் மாமா."

"மூலம்னு சொன்னாரே. பீட்ரூட்டுன்னாரே."

"பீட்ரூட்டு இப்ப இல்ல மாமா."

பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அப்பா கண்ணாடியில் பார்ப்பது தெரிந்தது. மாமா குரலைத் தாழ்த்தினார். "நான் ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே ஒங்காத்தா பேர இழுத்து என் வாய அடைச்சிருவாரு. அவ போனாளே, திரும்பி வந்தாளான்னு கேப்பாரு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி திரும்பி வரும்போது நீ ஏறிக்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது. மழையில் அப்படியே நின்றிருக்கிறேன் போல. பூக்காரம்மா குடைக்குள் இழுத்தார்.

நவம்பர் 18, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மதுரை வண்டியில் ஏறினேன். "கம்பத்துல புத்தகம் வாங்கணும்ப்பா." அப்பா என்ஜின் பெட்டியின் மேல் உட்காரச் சொன்னார். அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. என் முழங்கால் கியர் கம்பியில் இடித்தது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், மழையில் கழுவிவிட்ட மாதிரி. உத்தமபாளையம் தாண்டியதும் அப்பா, "சின்னப் புள்ளைல நீ இதுமேல ஒக்காந்து டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்துவ" என்றார். இந்தப் பாதை முடியவே கூடாது என்று இருந்தது.

கம்பம் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். காலி வண்டி டெப்போவுக்குக் கிளம்பியது. வழியில் டாக்டர் காதர் ராவுத்தரின் கிளினிக் இருக்கிறது. அதன் வாசல் வந்ததும் பின்னாலிருந்து ஒற்றை விசில். அப்பாவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"என்னய்யா, யாரு எறங்குறா?"

"நீங்கதான்ணே."

"வெளாடாத. ரைட் குடு."

"குடுக்க மாட்டேன்."

"வீரணா, டெப்போவுல கணக்கு ஒப்படைக்கணும்."

"ஒப்படைப்போம். நீங்க எறங்கி உள்ள போயிட்டு வாங்க. அதுக்கப்பறம் ரைட்."

அப்பா ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டார். ஆனால் கியர் போடவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் இரட்டை விசில் இல்லாமல் அவர் வண்டியை நகர்த்தியதே இல்லை. நகர்த்தமாட்டார் என்று மாமாவுக்குத் தெரியும். என்ஜின் பெட்டி எனக்குக் கீழே உறுமிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு வேன் நின்று, சுற்றிக்கொண்டு போனது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்க்கவில்லை. அவரையே பார்த்தேன்.

என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

டாக்டர் எல்லாம் கேட்டார். பிறகு, "பீட்ரூட் ஏதும் சாப்புட்டீங்களா?" என்றார்.

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆமாங்க சார். பாப்பா டெய்லி குடுத்துவிடும். கண்காட்சிக்காக. அதுல செவப்பாப் போகும்னு புத்தகத்துலயே போட்டிருக்காம்." என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் கண் கேட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கப் போனார்.

"தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு சார்" என்றேன். "அதுக்கப்பறமும் இருக்கு."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். மதுரையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க எழுதிக் கொடுத்தார். "மூலமாவே இருக்கலாம். ஆனா பாத்துட்டுதான் சொல்லணும்" என்றார்.

நான் கேட்டேன். "காயெல்லாம் குடுத்தது தப்பா சார்?"

"ஒரு தப்பும் இல்ல. தொடர்ந்து குடும்மா. ஆனா அது வேலி. தோட்டத்துக்குள்ள ஆடு ஏற்கெனவே பூந்திருச்சான்னு வேலியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதில்ல? உள்ள போய்தான் பாக்கணும்."

டெப்போவில் வண்டியை விட்டுவிட்டு, திரும்பும் பேருந்தில் அப்பாவும் நானும் பயணிகளாக உட்கார்ந்து வந்தோம். அப்பாவுக்கு எங்கே கை வைப்பதென்றே தெரியவில்லை.

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"தீபாவளிக்கு அப்பறம். ஒங்களுக்கு?"

"ஆடியிலேருந்து." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நீ பீட்ரூட்டுன்னு சொன்ன பாரு, அன்னைக்குத்தான்த்தா நிம்மதியாத் தூங்குனேன்."

நவம்பர் 23, வியாழன்

சோதனைக்கு முன்னால் குடலைச் சுத்தமாக்க பேதி மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரம் நான் சோறுபோட்டு வளர்த்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் இறங்கிப் போய்விட்டார்கள். அப்பாவிடம் சொன்னபோது கழிவறைக்குள்ளிருந்தே சிரித்தார். எங்களுக்குள் இப்போது வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உள்ளே ஒரு கட்டி இருக்கிறது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நவம்பர் 29, புதன்

சோதனை முடிவு வந்தது. அதேதான்.

டிசம்பர் 5, செவ்வாய்

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை என்று நினைப்பதாகப் பெரிய டாக்டர் சொன்னார். வெட்டியெடுத்த பகுதியும் அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளும் சோதனைக்குப் போயிருக்கின்றன. 'நினைக்கிறோம்' என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் கீழே இப்போது நானே கோடு போட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 9, சனி

அத்தை மதுரையில் அப்பாவோடு இருக்கிறார். நான் அரையாண்டுத் தேர்வுக்காகச் சின்னமனூருக்கு வந்துவிட்டேன். வீரணன் மாமாவின் மனைவி துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறார். வீடு பெரியதாகிவிட்டது. அடுக்களையில் அவரைக்காய் வாடிக் கிடந்தது. அதை நறுக்கி எனக்கே பொரித்துத் தின்றேன். எனக்கும் குடல் இருக்கிறது என்பதை இத்தனை நாள் மறந்திருக்கிறேன்.

டிசம்பர் 13, புதன்

அத்தை போன் செய்தார். அப்பாவுக்குச் சோறு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் குழைந்த சோறுதான். கீரை கூடாது, தோல் உள்ள பழம் கூடாது, நார் எதுவுமே கூடாது. தையல் ஆறும்வரை சில வாரங்கள் இப்படித்தானாம். நான் படித்த அத்தனைக்கும் நேர் எதிர்.

"ஆஸ்பத்திரிக் கஞ்சி எறங்க மாட்டேங்குதாம். ஒன் கையால வேணுமாம்" என்றார் அத்தை. பின்னாலிருந்து அப்பா, "உப்பு கொஞ்சம் கூடவே போடச் சொல்லு" என்பது கேட்டது.

டிசம்பர் 14, வியாழன்

நான்கு மணிக்கு எழுந்தேன். அரிசியை நன்றாகக் குழைத்து, பருப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மல்லித்தழை போடாமல் ரசம் வைத்தேன். வாளியைத் திறந்து பார்த்தால் எல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாக, ஒரு நிறமும் இல்லாமல் இருந்தது. என் பயணிகள் கொஞ்சநாள் காத்திருக்க வேண்டும். வீரணன் மாமாவுக்கு மட்டும் தனி டப்பாவில் முருங்கைக்கீரை.

ஸ்டாப்பில் நின்றேன். பனியாக இருந்தது. வாளியை மாமா மதுரையில் இறங்கி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு அடுத்த டிரிப்புக்குத் திரும்புவார். வேறொரு டிரைவர் ஓட்டும் வண்டிக்காக இந்த இடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. யாரிடம் ஜன்னலில் நீட்டுவது என்று தெரியாமல் பின்படிப் பக்கம் நகர்ந்து நின்றேன்.

வாய்க்கால் பாலத்தில் விளக்கு தெரிந்தது. அப்போது ஹாரன் அடித்தது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். வண்டி வந்து நின்றது. சீட்டில் அப்பாவைவிட இளையவர் ஒருவர் இருந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"நீதான் முல்லையா? நேத்து அண்ணனப் பாக்கப் போயிருந்தேன். இந்த ஸ்டாப்புல இப்படித்தான் அடிக்கணும்னு படுக்கைலேருந்தே அடிச்சுக் காட்டுனாரு. வாயாலதான்." சிரித்தார். "சரியா அடிச்சேனா?"

"கடைசி இன்னும் கொஞ்சம் நீளணும்" என்றேன்.

"நாளைக்கு நீட்டிருவோம்" என்றார். வாளியை வாங்கி ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம் வைத்தார். அந்த இடத்தையும் அப்பா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து இரட்டை விசில் கேட்டது.